மூன்றாவதாக வந்த கார்

அப்துல் அலீம் முப்பத்தோரு வருடமாக அடிபட்ட கார்களைப் பார்த்து அறிக்கை எழுதிப் பிழைத்தவர். காப்பீட்டு நிறுவனம் கூப்பிடும், பட்டறைக்குப் போவார், கையில் டார்ச்சோடு காருக்கு அடியில் புகுந்து பார்ப்பார். எது நேற்று விழுந்த அடி, எது போன வருடத்து அடியை நேற்றைய அடியோடு சேர்த்துக் காட்டுவது என்பது அவருக்கு விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பட்டறைக்காரர்கள் தே தாரிக் தேநீர் வாங்கி வைத்துக் காத்திருப்பார்கள். அவர் தொடமாட்டார். கண்ணால் பார்க்காததை ஒரு வரி எழுதியதில்லை, பார்த்ததை ஒரு வரி மறைத்ததில்லை என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. சுவா சூ காங்கில் நான்கறை வீடு, மனைவி நஃபீசா, கல்யாணமாகிப் போய்விட்ட மகள் இன்ஷா. சொந்தமாகக் கார் கிடையாது. எல்லா இடத்துக்கும் ரயிலிலும் பேருந்திலும்தான் போய்வருவார்.

ஆனால் ஒரு காரின்மேல் அவருக்குப் பைத்தியம். லார்க்டன் என்று பெயர். இங்கிலாந்தில் ஒரு சின்னத் தொழிற்சாலை ஆறே வருடம் செய்துவிட்டு மூடிப்போன இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது டன்லப் சாலையில் ஒன்று நின்றிருந்ததைப் பார்த்து, வாப்பா கூப்பிடக் கூப்பிட நகராமல் நின்றார். வளர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்தக் காரை உலகத்தில் யாரும் மதிப்பதில்லை என்று. அதன் எஞ்சின் ரொட்டி விநியோகிக்கும் வேனுக்காகச் செய்யப்பட்டது. அதனால் பழைய கார் சேகரிப்பவர்கள் மத்தியில் அதற்கு 'ரொட்டி வண்டி' என்றே பெயர். வளைவில் அது திரும்புவதுபோல் அந்தக் காலத்தில் வேறெந்தக் காரும் திரும்பாது. எடை நடுவில் அப்படி உட்கார்ந்திருக்கும். அதை யாரிடம் சொன்னாலும் சிரித்துவிட்டு எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு லார்க்டன் விலைக்கு வந்தது. அலீமால் வாங்க முடியாது. மனைவியின் தம்பி ஜாஃபரால் முடியும். ஜாஃபர் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஹஜ், உம்ரா பயணங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் வைத்திருந்தார். அப்போது நல்ல ஓட்டம். அலீம் மூன்று மாதம் விடாமல் அவர் காதில் ஓதினார். எழுபதுகளின் கார், மஞ்சள் நிறம், பேப்பரெல்லாம் சரியாக இருக்கிறது, இப்போது யாரும் சீண்டாததால் மலிவாகக் கிடைக்கிறது, ஒருநாள் இதற்கு அருமை தெரியும். ஜாஃபருக்குக் கார்மீது ஆசையில்லை. மச்சான் இத்தனை ஆசையாகக் கேட்கிறாரே என்று வாங்கிப் போட்டார். பழைய கார் என்பதால் வருடத்தில் சில வாரங்கள்தான் அதைச் சாலையில் எடுக்க அனுமதி. அந்த நாள்களில் பெரும்பாலும் அலீம்தான் ஓட்டினார்.

மலேசியாவில் நாலும் இங்கே மூன்றுமாக ஏழு லார்க்டன்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அலீம்தான் அதன் செயலாளர். ஞாயிறு காலைகளில் பரோட்டாக் கடை வாசலில் மூன்று காரும் வந்து நிற்கும். வேறு கார்க்காரர்கள் கடந்து போகும்போது, இன்றைக்கு ரொட்டி என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அலீம் வீட்டுக்கு வந்து சங்கத்தின் இணையப் பக்கத்தில் இன்னொரு கட்டுரை எழுதுவார். முப்பது பேர் படிப்பார்கள்.

அப்புறம் கொரோனா வந்தது. இரண்டு வருடம் யாரும் மக்காவுக்குப் போகவில்லை. ஜாஃபர் கடையின் ஒரு பாதியை மூடினார், ஆள்களை அனுப்பினார், கடைசியில் காரை விற்பதாகச் சொன்னார். இரண்டு தரகர்கள் வந்து பார்த்துவிட்டு, வாங்கிய விலையில் பாதியைச் சொன்னார்கள். அன்று ஜாஃபர் ஒன்றும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அலீமுக்கு அத்தனை உறுத்தியிருக்காது. தனக்கு ஒரு வருடம் கொடு என்றார் அலீம். அந்த ஒரு வருடத்தில் இந்தக் காரைத் தேடிவந்து கேட்கும்படி செய்துவிடுகிறேன் என்றார்.

சேகரிப்பவர்கள் காரை மட்டும் வாங்குவதில்லை, காரின் கதையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். யார் ஓட்டினார்கள், எங்கே ஓடியது, என்ன ஜெயித்தது என்று காகிதத்தோடு காட்டினால் ரொட்டி வண்டிக்கும் மரியாதை வந்துவிடும். ஆகவே அவர் காருக்கு ஒரு கோப்பு தயாரிக்க உட்கார்ந்தார். விடுப்பு எடுத்து நூலகத்துக்குப் போய்ப் பழைய நாளிதழ்களைப் புரட்டினார். எழுபத்திரண்டாம் வருடத்தில், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் நடந்த இரண்டு மணி நேரப் பந்தயம் ஒன்றைப் பற்றி நாலு வரிச் செய்தி கிடைத்தது. ஹார்விங்டன் என்ற ஆங்கிலேயர், ரப்பர் கம்பெனி மேலாளர், லார்க்டன் காரில் மூன்றாவதாக வந்தார். கார் எண் நாற்பத்தொன்று. தன்னைவிடப் பெரிய எஞ்சின்கள் பத்தைத் தோற்கடித்து வந்த மூன்றாவது இடம் அது.

அந்த ஹார்விங்டனின் கார்தான் ஜாஃபரின் கார் என்று பதிவுப் புத்தகம் சொன்னது. ஆனாலும் அலீம் தன் வழக்கப்படி காருக்கு அடியில் புகுந்து பார்த்தார். முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே, உள்பக்கமாக, பழைய அடி ஒன்றைத் தகடு வைத்துத் தட்டி ஒட்டியிருந்தார்கள். அருமையான வேலை. வெளியிலிருந்து ஐம்பது வருடமாக யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தகட்டின் ஓரத்தில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி ஓர் எழுத்து இருந்தது. தமிழில் 'த'.

அந்த எழுத்துக்கு உரியவரைத் தேடி அவர் ஒரு மாதம் அலைந்தார். அந்தக் காலத்தில் ரோவல் ரோடு சந்துகளில் இருந்த பட்டறைகள் எதுவும் இப்போது இல்லை. கடைசியில் புக்கிட் மேராவில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் துரைசாமி என்பவர்தான், அது தங்கராஜுவாக இருக்கும், வெள்ளைக்காரர்களின் பந்தயக் கார்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு துறைமுகத்தில் பாரந்தூக்கி மெக்கானிக்காகப் போய்விட்டார், தெம்பனிஸில் மகளோடு இருக்கிறார் என்று நம்பர் வாங்கிக் கொடுத்தார்.

தங்கராஜுவுக்கு அப்போது எழுபத்தேழு வயது. முட்டி தேய்ந்து சக்கர நாற்காலியில் இருந்தார். காது மந்தம். மகள் சங்கீதா பலதுறை மருந்தகத்தில் பதிவு முகப்பில் வேலை செய்பவர். அப்பாவின் காதருகே குனிந்து சொன்னார், பழைய ரேஸ் காரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று. அலீம் கைத்தொலைபேசியில் காரின் படத்தைக் காட்டினார். கிழவர் அதை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மஞ்சள் அடித்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டு, எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் சொன்னார்:

"அன்னைக்கு மூணாவதா வந்தது அவரு இல்ல பாய். நான்தான்."

ஹார்விங்டனுக்கு அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிவிட்டுப் பெட்ரோல் நிரப்ப உள்ளே வந்தவர், காரிலிருந்து இறங்கி டயர் குவியலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். மறுபடி ஏற முடியவில்லை. கார் ஏழாவது இடத்தில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றித் தங்கராஜுவின் தலையில் வைத்து, போ என்று கையைக் காட்டினார். தங்கராஜு முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினார். மீதி இருந்த ஐம்பது நிமிடமும் அவர்தான் ஓட்டினார். வலது கைப்பக்கம் வரும் நீண்ட வளைவில், டாங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டால் எஞ்சின் இருமும்; அதற்கு முன்பே காலைத் தளர்த்தி மறுபடி மிதிக்க வேண்டும்; அது வெள்ளைக்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்றார். முடிந்ததும் காரைக் கூடாரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஹார்விங்டன் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடந்து வந்தார். யாரும் கவனிக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் முதலில் வந்தவன்மேல் இருந்தது.

மூன்றாம் இடத்துக் கோப்பையை ஹார்விங்டன் வாங்கினார், தங்கராஜுவுக்கு இரண்டு நாள் லீவு வாங்கிக் கொடுத்தார், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். தங்கராஜு சொல்லவில்லை. மனைவியிடம்கூடக் கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத்தான் சொன்னார். அவர் நம்பவில்லை.

கிளம்பும்போது கிழவர் அலீமின் கையைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டில் ஒரு தடித்த செப்புக் காப்பு. சின்ன வயதில் கோயிலில் போட்டதாம். சதை வளர்ந்து, இனிக் கழற்ற முடியாமல் இருந்தது.

"எழுதுறப்ப பேரு மட்டும் போட்டுடுங்க பாய். காசு கீசு ஒண்ணும் வேணாம்லா."

கண்டிப்பாகப் போடுகிறேன் என்றார் அலீம். அன்று அதை மனதாரத்தான் சொன்னார். டாங்க் கால்வாசிக்கு இறங்கினால் எஞ்சின் இருமுவது அவருக்கும் தெரியும். அந்த வலது வளைவு விஷயம் அந்தக் காரை வேகமாக ஓட்டியவனுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, அந்தக் காலத்தில் பந்தயப் படங்கள் எடுத்த ஒரு சீனப் புகைப்படக்காரரின் மகளிடமிருந்து இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, பந்தயம் தொடங்குவதற்கு முன் எடுத்தது: ஹார்விங்டன் காருக்குப் பக்கத்தில் நிற்கிறார், வெள்ளை உடை, மணிக்கட்டுவரை நீண்ட சட்டைக்கை. இன்னொன்று, முடிவுக்கோட்டில்: நாற்பத்தொன்றாம் எண் கார் கடந்து போகிறது, ஓட்டுபவர் முழங்கையை ஜன்னலில் ஊன்றியிருக்கிறார். அரைக்கைச் சட்டை. கறுத்த முன்கை. மணிக்கட்டில் வெளிச்சம் பட்டு ஒரு பட்டை மின்னுகிறது. அலீம் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

சந்தோஷமாகத்தான் அவர் ஜாஃபரைக் கூப்பிட்டுச் சொன்னார். ஜாஃபர் முழுவதையும் கேட்டுவிட்டு, பதிவு செய்யாத ஆள் ஓட்டினால் அந்தப் பந்தயத்தில் அது செல்லுமா என்று கேட்டார். அலீமுக்கு அப்போதுதான் உறைத்தது. செல்லாது. அது தெரிந்தால் மூன்றாவது இடம் என்பது இல்லை என்றாகிவிடும். கோப்பில் இருப்பதிலேயே பெரிய விஷயம் அந்த மூன்றாவது இடம்தான். வாங்க வருகிறவனின் நிபுணர் முதலில் பிடிப்பதே அதைத்தான்.

ஜாஃபர் வற்புறுத்தவில்லை. அதை அலீம் பிற்பாடு பலமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். பழியை யார்மேலாவது ஏற்ற முடியுமா என்று பார்த்தபோதெல்லாம் அந்த இடத்தில்தான் வந்து முட்டியது. ஜாஃபர் சொன்னது இவ்வளவுதான்: "ஒங்களுக்குத் தெரியாததா மச்சான். எது சரியோ எழுதுங்க." அந்த மாதம் ஜாஃபர் வீட்டை அடகு வைத்திருந்ததும், அக்காவிடம்கூடச் சொல்லாமல் இருந்ததும் அலீமுக்குத் தெரியும். அந்தக் காரை வாங்கவைத்தது யார் என்பதும் தெரியும்.

ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் அவர் மனம் ஆறியிருக்கும். இன்னொன்றும் இருந்தது. நாற்பத்தேழு வருடமாக அவர் காதலித்த கார் முதன்முறையாகத் தலைநிமிரப் போகிறது. ஒரு ஆங்கிலேயர், ஒரு கோப்பை, ஒரு மூன்றாவது இடம் என்று கதை அத்தனை சுத்தமாக இருந்தது. அதில் போய் வாந்தியையும் கைக்குட்டையையும் விதிமீறலையும் கலக்க அவருக்கே மனம் வரவில்லை.

அவர் தனக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்தார். கிழவர் சொன்னதற்குக் காகிதம் இல்லை. ஆதாரம் இல்லாததை எழுதுவது தன் தொழில் தர்மம் இல்லை. முதல் படத்தைக் கோப்பில் ஒட்டினார். இரண்டாவது படத்தை உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தார். கோப்பின் கடைசிப் பக்கத்தில், வாகன மதிப்பீட்டாளர் என்ற முத்திரையோடு கையெழுத்துப் போட்டார்.

கட்டுரைகள் இந்த முறை எடுபட்டன. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அவர் எழுதியதை எடுத்துப் போட்டது. வளைவில் அது திரும்பும் அழகைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். அடுத்த மார்ச்சில் மரினா பக்கம் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு லார்க்டனை அழைத்தார்கள். மஞ்சளைச் சுரண்டி எடுத்து, பந்தயத்தில் ஓடிய பச்சை நிறத்தை மறுபடி அடித்து, கதவில் நாற்பத்தொன்று என்று எழுதி, சிவப்புக் கயிற்றுக்குள் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஆள் உயர அறிவிப்புப் பலகை. வாசகம் அலீமுடையது. ரொட்டி விலை கேட்டவர்களில் இரண்டு பேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் மதியம், அவர் சில பார்வையாளர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சக்கர நாற்காலி வருவதைக் கண்டார். சங்கீதா தள்ளிக்கொண்டு வந்தார். தங்கராஜு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, நெற்றியில் விபூதி பூசியிருந்தார். அலீம் அவர்களை அழைக்கவில்லை. கண்காட்சி பற்றிச் செய்தியில் பார்த்துவிட்டு அவர்களாகவே வந்திருந்தார்கள். இந்த ஒரு வருடத்தில் சங்கீதா மூன்று முறை வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார், அப்பாவைப் பற்றி எழுதியது வந்துவிட்டதா என்று. சீக்கிரம் வரும் என்று அலீம் மூன்று முறையும் பதில் போட்டிருந்தார்.

அலீம் ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். ஒளிந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிழவர் முதலில் காரைப் பார்த்தார். இடது சக்கரத்தின் பக்கமாகத் தள்ளச் சொல்லி அங்கே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு பலகைக்கு முன்னால் வந்தார்கள். அவர் ஐந்தாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தவர். ஆங்கிலம் படிக்க வராது. தன் காது கேட்காததால் அவர் உரக்கவே பேசினார்.

"எந்த வரிம்மா?"

சங்கீதா பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். மறுபடி மேலே போய் ஒருமுறை படித்தார். அலீம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சங்கீதா குனிந்து, கீழிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தார். காரின் நிறத்தைப் பற்றி எழுதியிருந்த வரி அது.

"இங்கப்பா. மெக்கானிக், டிரைவர், தங்கராஜுன்னு போட்டிருக்கு."

கிழவர் காப்புப் போட்ட கையைத் தூக்கி, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, எழுத்துகள் முடியும்வரை மெல்ல நகர்த்தினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து மகளிடம் கொடுத்து, அந்த இடத்தோடு சேர்த்துத் தன்னைப் படம் எடுக்கச் சொன்னார். யாரோ ஒரு பெண்மணி வழிவிட்டு விலகி நின்றார்.

சங்கீதா அப்பாவை நிழலில் நிறுத்திவிட்டுத் தூணருகே வந்தார். அலீம் நின்றது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அலீமுக்குத் தோன்றியது. அவர் சத்தம் போடவில்லை. ஏன் சார் என்றும் கேட்கவில்லை.

"நான் இருக்குன்னு சொல்லிட்டேன் சார். அதைப் பொய்யா வச்சிடாதீங்க. அவரு இருக்கும்போதே செஞ்சிடுங்க."

செய்கிறேன் என்றார் அலீம். அன்றும் மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த வாரமே ஹாங்காங்கிலிருந்து ஒரு சேகரிப்பாளரின் ஆள் வந்தான். கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்துத் தலையாட்டினான். ஜாஃபர் வாங்கிய விலையைப்போல் ஆறு மடங்குக்குக் கார் போனது. ஜாஃபர் வீட்டை மீட்டார். கடையின் மூடிய பாதியைத் திறந்தார். நஃபீசா தம்பிக்காக அழுதார். அந்த வீட்டில் அத்தனை பேரும் அலீமைத்தான் புகழ்ந்தார்கள்.

பணம் கைக்கு வந்த பிறகு எழுதலாம் என்றிருந்தார். வந்தது. கார் கப்பலேறிய பிறகு எழுதலாம் என்றார். ஏறியது. இப்போது எழுதினால் ஜாஃபரை ஏமாற்றுக்காரன் என்று சொல்வார்களே என்று ஒரு மாதம் போனது. இழுப்பறையைத் திறந்து உறையைப் பார்ப்பார், மூடிவிடுவார். ஆகஸ்டில் சங்கீதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அப்பாவுக்கு முடியவில்லை, சாங்கி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், அந்தக் கட்டுரை இருந்தால் அனுப்புங்கள், படித்துக் காட்டுகிறேன். இந்த வாரம் அனுப்புகிறேன் என்று அலீம் பதில் எழுதினார். அன்று மாலை உட்கார்ந்து இரண்டு பத்தி எழுதவும் செய்தார். மூன்றாவது பத்தியில், தான் இதை எப்போது தெரிந்துகொண்டேன் என்ற தேதியை எழுத வேண்டியிருந்தது. அங்கே நிறுத்திவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து, புக்கிட் மேராவில் ஒரு பட்டறையில் ஒரு காரின் அடியில் படுத்திருந்தபோது கைத்தொலைபேசி அதிர்ந்தது. படுத்தபடியே பார்த்தார். தங்கராஜுவின் படமும், தகனம் நடக்கும் இடமும் நேரமும். அன்று அவர் எழுத வேண்டிய அறிக்கையை எழுதவில்லை. பட்டறைக்காரர் நீட்டிய தே தாரிக்கை வாங்கி, என்ன ஏது என்று தெரியாமலே குடித்து முடித்தார். தகனத்துக்குப் போக ரயில் ஏறினார். நடுவில் இறங்கித் திரும்பி வந்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நஃபீசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜாஃபருக்காகச் செய்தேன் என்று முடித்தார். நஃபீசா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஜாஃபர் ஒரு பேரை மறைக்கச் சொன்னானா?"

இல்லை என்றார் அலீம். நஃபீசா அவர் தட்டில் குழம்பு ஊற்றினார்.

நின்றுபோன மூன்றாவது பத்தி அதற்குப் பிறகுதான் நகர்ந்தது. தேதியை எழுதினார். தெரிந்தே மறைத்தேன் என்று எழுதினார். இரண்டாவது படத்தின் பிரதியோடு ஹாங்காங்குக்கு அனுப்பினார். காசு திரும்பக் கேட்டால் தன் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடுவதாக ஜாஃபரிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். யாரும் காசு கேட்கவில்லை. மூன்று வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. படம் சுவாரஸ்யமானது, ஆனால் ஒரு முழங்கையை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது; கோப்பு நீங்களே ஆராய்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தது, அதை அப்படியே வைத்துக்கொள்ளவே உரிமையாளர் விரும்புகிறார்; உங்கள் பணிக்கு மீண்டும் நன்றி. அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே நியாயம், அச்சடித்துத் திரும்பி வந்திருந்தது.

சங்கத்தின் பக்கத்தில் அதை வெளியிட்டார். பழைய முப்பது பேர் படித்தார்கள். ஒருவர், இதெல்லாம் இப்போது எதற்கு, விலை நன்றாக ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் என்று எழுதினார். உண்மையில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இங்கே மிச்சமிருந்த இரண்டு லார்க்டன்களும் அந்த வருடமே விலைபோயின. ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டாக் கடைக்கு வர யாரும் இல்லை. அலீம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. லார்க்டனை இப்போது யாரும் கேலி செய்வதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், கட்டுரையின் அச்சுப்பிரதியை எடுத்துக்கொண்டு அவர் தெம்பனிஸுக்குப் போனார். சொல்லாமல்தான் போனார், சொன்னால் வரவேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். சங்கீதா கதவைத் திறந்து, ஒரு கணம் நின்று, உள்ளே வரச்சொன்னார். கூடத்தில் தங்கராஜுவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

அலீம் மன்னிப்புக் கேட்டார். ரயிலில் வரும்போது யோசித்துவைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை; தப்புப் பண்ணிட்டேன்மா என்று மட்டும் வந்தது. சங்கீதா அச்சுப்பிரதியை வாங்கிப் படித்தார். நிதானமாக, இரண்டு பக்கமும் படித்தார்.

பிறகு அவர் அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொன்னார். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உட்காரும் பெரியவர்கள் எல்லாரிடமும் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார், இந்த வரிதான் என்று. மருத்துவமனையில் தாதியர்களிடமும் காட்டியிருக்கிறார். ஒரு தாதி படத்தைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறாள். சங்கீதா அவளைப் பார்த்துத் தலையசைக்க, அவள் புரிந்துகொண்டு, ஆமா அங்கிள், உங்கள் பெயர்தான் என்றிருக்கிறாள். தகனத்தன்று பக்கத்து வீட்டுக்காரர் பேசும்போதும் இதைத்தான் சொல்லியிருக்கிறார், கண்காட்சியில் பெயர் பொறித்த மனிதர் என்று.

"நான் திருத்தல சார். யாரும் போய்ப் பார்க்கப் போறதில்ல," என்றார் சங்கீதா. "ஆனா அவர்கிட்ட நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். அதையே கடைசியா சொல்லி அனுப்பிட்டேன்."

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சங்கீதா அச்சுப்பிரதியை நான்காக மடித்து, தொலைக்காட்சிக்குக் கீழே கட்டண ரசீதுகள் இருந்த தட்டில் வைத்தார். பலகாரம் செய்துகொண்டிருப்பதாகவும், அடுப்பில் எண்ணெய் இருப்பதாகவும் சொன்னார். அது போகச் சொல்வதுதான் என்று அவருக்குப் புரிந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே எண்ணெயில் எதையோ போடும் சத்தம் கேட்டது. மின்தூக்கி வரும்வரை அவர் அங்கேயே நின்றார்.